பூனைக்கு 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது: யாங்கோன் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோன் தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், இளைஞர் மன்றத்தாருக்கும், கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் டாம்வே பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளனாக இருக்கிறேன். மருந்து எடுத்துக் கொடுப்பேன், பூனை கடிக்காமல் பிடித்துக்கொள்வேன், நம் ஆட்கள் வந்தால் டாக்டர் பர்மியத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வேன். நான் டாக்டர் இல்லை. அதனால் வீட்டில் கொடுக்கச் சொல்லி எந்த மருந்தின் பெயரும் அளவும் இந்த மடலில் வராது. பூனையை எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், எப்போது ஒரு நாள் பொறுக்கலாம் என்பது மட்டும் வரும். இதற்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. நம் வீடுகளில் பூனைக்கு உடம்பு சரியில்லையென்றால் முதலில் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், அடுத்ததாகக் கோயிலில் கேட்பார்கள். மூன்றாவதாகத்தான் 'மாட்டு டாக்டர்' ஞாபகத்துக்கு வருவார். பூசாரி ஐயா விபூதி கொடுப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "இரண்டு நாள் பாரும்மா, பூனைக்கு ஏழு உயிர், தானே சரியாகிவிடும்" என்பார். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் அந்த இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் வருகிறார்கள், அப்போது டாக்டரால் செய்ய முடிவது குறைந்துபோயிருக்கும். விபூதிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானும் பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். பூசிவிட்டுக் கையோடு டாக்டரிடம் அனுப்பிவையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதற்காக நான் கேட்பது பெரிய காரியமில்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை. தமிழிலும் பர்மியத்திலும் ஆறாறு வரி. கோயில் சார்பில் இலவச மருத்துவ முகாம் போடும்போது ஓரத்தில் நாய் பூனைக்காக ஒரு மேசை. இவ்வளவுதான். அந்தப் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

முதல் வரி கடுவன் பூனைக்கு.

போன மழைக்காலத்தில் பசுண்டவுங்கிலிருந்து ஒரு அம்மா காய்கறிக் கூடையில் துண்டைப் போட்டு மூடிக் கொண்டுவந்தார். நல்ல கொழுத்த கடுவன், நான்கு வயது இருக்கும். "மலச்சிக்கல் தம்பி. மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தேன், அதையும் வாந்தி எடுத்துவிட்டான்" என்றார். முந்தாநாளிலிருந்து இப்படியாம். டாக்டர் அடிவயிற்றில் கை வைத்த உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். உள்ளே பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துத் தைத்ததுபோல உருண்டையாக, கல்லாக இருந்தது. மலம் இல்லை, மூத்திரப்பை. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது. சளி, உப்புத் துகள் எல்லாம் சேர்ந்து கட்டியாகி அதில் அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. வெளியே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கி இதயத்தை நிறுத்திவிடும். முழுக்க அடைத்துக்கொண்ட பூனைக்கு ஒன்று, இரண்டு நாள்தான் அவகாசம். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை ஏற்றி, அடைப்பைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ரத்தம் கலந்த மூத்திரம் கிண்ணத்தில் விழும்வரை நாங்கள் யாரும் பேசவில்லை. டிரிப் ஏற்றி உள்ளேயே வைத்துக்கொண்டோம். அந்தக் கடுவன் பிழைத்தான். அவனைவிட அரை நாள் தாமதமாக வந்து பிழைக்காமல் போனவையும் உண்டு.

அடைப்புக்கும் மலச்சிக்கலுக்கும் வீட்டில் வித்தியாசம் தெரிவது கஷ்டம்தான். அதனால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முயல வேண்டாம். ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குப் போகிறது, முக்குகிறது, கத்துகிறது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, மணல் நனையவில்லை என்றால் அன்றைக்கே கிளினிக். ராத்திரி பத்து மணி என்றாலும் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். பெட்டைப் பூனைக்கு அடைப்பது அபூர்வம், மூத்திரப்பையில் எரிச்சல்தான் வரும். அது மறுநாள் காலைவரை பொறுக்கும். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே கிடந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்பு பெருத்த ஆண் பூனைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். காய்ந்த உணவை மட்டுமே போடுகிறவர்கள் கூடவே ஈர உணவும் கொடுத்து, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கொஞ்சம் தடுக்கலாம்.

இரண்டாவது வரி சாப்பாடு பற்றி. நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூனையின் உடம்பு வேறு கணக்கு. இரண்டு மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலுக்கு வந்து குவியும், கல்லீரல் தாங்காமல் படுத்துவிடும். குண்டுப் பூனைக்குத்தான் இது சீக்கிரம் வரும், "அதுக்கென்ன, உடம்பில் சதை இருக்கிறது" என்ற பேச்சு இங்கே தலைகீழ். ஈறும் காதின் உள்பக்கமும் மஞ்சளாகத் தெரிந்தால் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆகவே ஒரு முழு நாள் வாய் வைக்கவில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள், குட்டியாக இருந்தால் அரை நாளே அதிகம். சளி பிடித்து மூக்கடைத்த பூனை வாசனை தெரியாமலும் சாப்பிடாது. அதற்கு மீனை லேசாகச் சூடு பண்ணி மணக்க மணக்க வைத்தால் சில சமயம் வாய் வைக்கும். வாய்ப்புண், பல் வலி இருந்தாலும் இதே கதைதான், பசியோடு கிண்ணத்துக்கு வரும், ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். மூன்று வயது தாண்டிய பூனைகளில் பாதிக்கு மேல் ஏதாவதொரு பல், ஈறு நோய் இருக்கும். வாயைத் திறந்து பார்க்கிறவர்கள்தான் குறைவு.

மூன்றாவது, மூச்சு. பூனை நாயைப்போல வாயைத் திறந்து இரைக்காது. இரைத்தால் அது ஆபத்து, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இன்னொன்றும் வீட்டிலேயே செய்யலாம். பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருந்தால் சரி. திரும்பத் திரும்ப 30ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும், 40ஐத் தாண்டினால் அன்றைக்கே. நுரையீரலில் நீர், இதயத் தசை தடிப்பது, ஆஸ்துமா என்று காரணம் பலவாக இருக்கும். ஆஸ்துமா பூனை கழுத்தை நீட்டி, தரையோடு பதுங்கி இருமும். முடி உருண்டை கக்கப்போகிறது என்று வீட்டார் காத்திருப்பார்கள், ஒன்றும் வராது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் அந்தப் பூனைக்கு ஆகாது. சாமி அறைக் கதவைச் சாத்தி வைத்தாலே பாதி இருமல் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இதய நோயோடு சேர்ந்த ஒன்றை நம் ஆட்கள் 'பக்கவாதம்' என்றும், 'பூச்சி கடித்தது' என்றும், ஒருமுறை 'செய்வினை' என்றும் சொல்லிக் கொண்டுவந்தார்கள். நன்றாக இருந்த பூனை திடீரென்று அலறும், பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும், தொட்டுப் பார்த்தால் அந்தக் கால்கள் சில்லென்று இருக்கும். ரத்தக்கட்டி ஒன்று கால்களுக்குப் போகும் பெரிய குழாயை அடைத்துவிட்டது. வலி பயங்கரமானது. பல பூனைகள் இதில் தப்புவதில்லை, அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் வலியைக் குறைக்கவாவது உடனே கொண்டுவர வேண்டும். எண்ணெய் தடவி உருவிவிடாதீர்கள்.

சரி, இப்போது கோயிலுக்கும் வீட்டுச் சாமி அறைக்கும் உள்ளேயே இருக்கிற ஆபத்துகளுக்கு வருகிறேன். மற்ற விஷயங்களை எந்த மிருக டாக்டரும் சொல்லிவிடுவார். இவை மட்டும் நம் வீட்டுப் பழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் தோன்றும்.

பூச்சரம். மல்லிகை வாடிய பிறகு நூலோடு மூலையில் கிடக்கும். பூனை நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு, நூலை ஒருமுறை நக்கினால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குப் போனால், குடல் சுருங்கிச் சுருங்கி நூல் அதை அறுத்துவிடும். சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிற பூனையின் நாக்குக்கு அடியில் டாக்டர் முதலில் பார்ப்பது இதைத்தான். வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். கோயிலில் கழற்றிய மாலைகளை மூடியுள்ள தொட்டியில் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. இது நிர்வாகம் நாளைக்கே செய்யக்கூடிய வேலை.

பினாயில். கோயில் தரையைக் காலையில் பினாயில் விட்டுக் கழுவுகிறோம், பூனை அதில் நடந்துவிட்டுக் காலை நக்குகிறது. மனித உடம்பு சுலபமாகக் கழித்துவிடும் பல பொருள்களைப் பூனைக் கல்லீரலால் கழிக்க முடியாது. கற்பூரத் தைலம், யூகலிப்டஸ் தைலம், தெள்ளுப்பூச்சிக்கு என்று தடவும் மண்ணெண்ணெய் எல்லாம் அதே கணக்குதான். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனை கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். 'சின்ன நாய்க்கு உள்ளதில் பாதி' என்று கணக்குப் போட்டுத் தடவியவர்கள் உண்டு. தடவிவிட்டீர்கள் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டு ஓடி வாருங்கள்.

பயோஜெசிக். யாங்கோனில் அந்த மாத்திரை இல்லாத வீடு இல்லை, தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அதுதான். உள்ளே இருப்பது பாரசிட்டமால். பூனைக்கு அரை மாத்திரை போதும், உயிரைக் குடித்துவிடும். ரத்தத்தின் சிவப்பணு ஆக்சிஜன் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். "சுரமாக இருந்தது, குழந்தைக்குக் கொடுக்கிற அளவுதான் கொடுத்தேன்" என்று ஒரு தாத்தா சொன்னபோது டாக்டர் கோபப்படவில்லை. மாற்று மருந்து இருக்கிறது, சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் கேட்கும். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் கையில் எடுத்து வாருங்கள். பலகையில் நான்காவது வரி இதுதான்: மனிதர் மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

லில்லிப் பூ. சாமி படத்துக்கு முன்னால் ஜாடியில் வைப்பதற்கு இப்போது பலரும் வாங்குகிறார்கள். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். மகரந்தம் ஒட்டிய முடியை நக்கினாலே சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பூனை உள்ள வீட்டில் மல்லிகை, செவ்வந்தி, ரோஜா என்று இருந்துவிட்டுப் போகட்டும். (செவ்வந்தியைத் தின்றால் வாந்தி எடுக்கும், சாகாது.) வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்புச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவை ரத்தத்தைக் கெடுக்கும். ஙாப்பி (பர்மிய மீன் விழுது) கலந்த சோறு உப்புக்காகவே வேண்டாம்.

நகரத்துக்குள் எட்டு மாடிக் குறுகிய கட்டடங்களில் நம்மவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். பேப்பர்காரருக்குக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடும் அதே பால்கனியிலிருந்துதான் பூனையும் விழுகிறது. புறாவைப் பார்த்துத் தாவும். விழுந்து எழுந்து நடந்தால் வீட்டார் கும்பிட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். 1987இல் நியூயார்க்கில் இப்படி விழுந்த 132 பூனைகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளிவந்தது, பத்தில் ஒன்பது பிழைத்தன என்பது எல்லாருக்கும் பிடித்த செய்தி. ஆனால் அவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகள். தெருவிலேயே செத்தது கணக்கில் இல்லை. பிழைத்தவற்றிலும் நெஞ்சுக்குள் காற்று கசிந்தது, மேல் அண்ணம் பிளந்தது, தாடை உடைந்தது என்று வெளியே தெரியாத காயம் நிறைய. விழுந்த பூனை நடந்தாலும் எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பால்கனிக்கு வலை அடிப்பது அதைவிட மலிவு.

மெதுவாக வரும் நோய்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அவற்றுக்கு அலறி ஓட வேண்டியதில்லை. பத்து வயது தாண்டிய பூனை தண்ணீர் நிறையக் குடித்து, நிறைய மூத்திரம் பெய்து, இளைத்துக்கொண்டே வந்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், வேளை பார்த்து வாருங்கள். பூனை வியாதியை மறைக்கும் பிராணி, எடை ஒன்றுதான் பொய் சொல்லாது. மாதம் ஒருமுறை நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வெளிநாட்டில் 'பர்மியப் பூனை' என்று பழுப்பு நிறத்தில் ஓர் இனம் பிரபலம். 1930இல் வோங் மாவ் என்ற ஒரு பெட்டையை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் ஒரு டாக்டர் ஆரம்பித்த வம்சம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் அந்த இனத்துக்குச் சர்க்கரை நோய் மற்ற பூனைகளைவிட அதிகம். நம் தெருவில் திரியும் பூனைக்கும் அதற்கும் பேர் ஒன்றாக இருப்பதோடு சரி, பயப்பட வேண்டாம்.

சண்டை போட்டுக் கடிபட்ட இடம் மூன்று நாள் கழித்து வீங்கிச் சீழ் வைத்தால், காதில் கறுப்பு அழுக்கு உதிர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால், பின்பக்கத்தில் புழுத்துண்டு தெரிந்தால், அந்த வாரத்துக்குள் காட்டினால் போதும். வட்ட வட்டமாக முடி கொட்டினால் மட்டும் கொஞ்சம் வேகமாக வாருங்கள். அது பெரும்பாலும் படர்தாமரை, பூனையைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் ஒட்டும். ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளையின் கையில் வட்டத் தடிப்பு இருந்தால், ஆசிரியர்களே, வீட்டில் பூனை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்தது, சொல்லத் தயங்கும் விஷயம். கோயில் வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். யாராவது சோறு போடுவார்கள் என்ற நம்பிக்கை. சோறு கிடைக்கிறது, ஆனால் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன, யாருக்கும் காரணம் தெரிவதில்லை. காரணம் பெரும்பாலும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ். காய்ச்சல், வாந்தி, பேதி, ஒரே நாளில் துவண்டுவிடும். பார்வோ வைரஸ் வகை அது, தரையில் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. அதனால்தான் அதே மூலையில் வைத்த அடுத்த பெட்டிக் குட்டிகளும் சாகின்றன. பிளீச் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நன்றாகக் கழுவி உலர்த்தினால் போகும். தடுப்பூசி 6, 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. போடும் இடத்தில், கரண்ட் போகும் நேரத்தில் மருந்தை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் பெட்டியோ ஜெனரேட்டரோ வைத்திருப்பவர் தயங்காமல் பதில் சொல்வார்.

குட்டிகளை விட்டுப்போகிறவர்களிடம் காரணம் கேட்டால் இரண்டு வரும். ஒன்று, ஈன்றுகொண்டே இருக்கிறது. பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும், 9 வாரத்தில் ஈனும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். கருத்தடை செய்யாமல் இதற்கு விடிவு இல்லை. கோயில் மொத்தமாக ஒரு நாள் ஏற்பாடு செய்தால் எங்களைப்போன்ற கிளினிக்குகள் குறைத்துச் செய்துகொடுக்கும், நான் என் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணம், வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பூனை ஆகாது என்கிறார்கள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம் என்பது உண்மை. அது வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகே ஒட்டும். ஆகவே வேறொருவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும் பூனையைவிடப் பெரிய வழி. இதைக் கோயிலுக்கு வரும் பெரிய அம்மாக்கள் சொன்னால் மருமகள் வீட்டார் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

வயிறு உப்பி, விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும் இளம் பூனைக்கு எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோய் இருக்கலாம். சில வருடம் முன்பு வரை அது வந்தால் சாவுதான். 2019இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஜி.எஸ்.-441524 என்ற மருந்தில் பெரும்பாலான பூனைகள் பிழைத்ததைக் காட்டினார்கள், வழக்கமாக 84 நாள் மருந்து. செலவு அதிகம், ஆனால் "மருந்தே கிடையாது" என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரேபிஸ் தனிப் பலகைக்கே தகுந்தது. நம் ஊரில் நாய்க்கடிதான் முக்கியக் காரணம், ஆனால் அந்த நாய் கடித்த பூனை உங்களையும் கடிக்கும். கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். இது மனிதருக்குச் சொல்வது. அறிகுறி வந்தபின் மருந்து இல்லை. வளர்க்கும் பூனைக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். சாந்தமான பூனை திடீரென்று பாய்ந்து கடித்து, எச்சில் ஒழுக, தள்ளாடினால் கையால் தொடாமல் அறையில் அடைத்துவிட்டுக் கேளுங்கள்.

செலவு என்பது நிஜமான தடை, அதைப் பேசாமல் விட்டால் இந்த மடல் காசுள்ளவர்களுக்கு மட்டும் எழுதியதாகிவிடும். மருந்து விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆனால் எங்களிடம் வரும் பெரிய பில்கள் பெரும்பாலும் தாமதத்தின் பில்கள். மூத்திர அடைப்பை முதல் நாள் எடுத்தால் ஒரு மயக்கமும் ஒரு குழாயும். மூன்றாம் நாள் எடுத்தால் டிரிப், ரத்தப் பரிசோதனை, நான்கு நாள் உள்ளே. கோயிலில் ஏதாவது நிதி இருந்தால் அதிலிருந்து ஒரு சிறு பங்கை ஏழை வீட்டுப் பூனைகளுக்கு ஒதுக்குவது பற்றி உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். மனிதருக்கே இல்லாதபோது பூனைக்கா என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். தனியாக இருக்கும் பாட்டிக்கு வீட்டில் அந்தப் பூனை ஒன்றுதான் பேச்சுத்துணை என்பதையும் அதே கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொல்லட்டும்.

அவசரத்துக்குக் காரணம் திஞ்சான். ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழா வரும்போது ஊரே அடைத்துவிடும், கிளினிக்குகளும் பாதி மூடியிருக்கும், டாக்சியும் லேசில் கிடைக்காது. நமக்கு அதே நாட்களில் சித்திரை வருஷப் பிறப்பு, கோயில் மட்டும் திறந்திருக்கும். யாங்கோனில் வெயில் மிக அதிகமாக அடிப்பதும் அப்போதுதான். மூடிய அறையில் ஃபேன் இல்லாமல் அடைபட்ட பூனை வாயைத் திறந்து இரைத்து எச்சில் வடித்தால், ஈரத் துண்டைப் போட்டு, சாதாரணத் தண்ணீரால் நனைத்து (ஐஸ் வேண்டாம்) உடனே கொண்டுபோக வேண்டும். எங்கே கொண்டுபோவது? அந்த நாட்களில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்ற பட்டியல் யார் கையிலும் இருப்பதில்லை. இளைஞர் மன்றத்தார் ஒரு வாரம் முன்னதாக நகரக் கிளினிக்குகளுக்குப் போன் செய்து கேட்டு, நம்பர்களைப் பலகையின் கீழே ஒட்டிவிடலாம்.

பலகைக்கான வாசகம் என்னிடம் தயாராக இருக்கிறது, தமிழில் ஆறு வரி, பர்மியத்தில் ஆறு வரி. பர்மியப் பகுதியை டாக்டர் பார்த்துத் திருத்திவிட்டார். ஓவியருக்குக் கொடுக்கும் கூலியை எங்கள் கிளினிக் ஏற்கும். நிர்வாகம் தர வேண்டியது சுவரில் மூன்றடி இடமும் ஒரு சம்மதமும். பங்குனி உத்திரத்துக்கு முன் பதில் கிடைத்தால் திஞ்சானுக்குள் மாட்டிவிடலாம். மாலைத் தொட்டிக்கு மூடி போடுவதற்கு மட்டும் யாருடைய சம்மதமும் தேவையில்லை, அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டாம்வேயிலிருந்து ஒரு கால்நடைக் கிளினிக் உதவியாளன்